பேச்சில் அசைச்சொற்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் மொழி பற்றி ஏதேனும் பேசுதல் வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். காப்பியச் சுவை பற்றியும் பக்தி இலக்கியம் பற்றியும் பேச வல்லார் நம்முள் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட விஷயம் அத்துணை உயர்ந்ததன்று. காலையில் எழுந்தது முதல் இரவில் கண்ணயரும் வரை, நாம் அறியாமலே நம் வாயினின்றும் உதிர்ந்துகொண்டிருக்கும் சில வெற்றுச் சொற்களைப் பற்றியதே அது. இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்துக்கொண்டே கேட்க வேண்டுகிறேன். நகைப்பில் தொடங்கும் இவ்விஷயம், நம் குடும்பங்களின் மானத்தையும் பொருளையும் தொடும் இடத்திற் சென்று நிற்பதை முடிவிற் காண்பீர்கள்.

அயலூரார் ஒருவர் நம் தெருவில் நின்று வழி கேட்கிறார் என்று கொள்வோம். நம்மவர் மிக்க அன்போடு விடை கூறுகிறார். “அதாவது வந்துங்க, நீங்க வந்து இப்படியே நேராப் போனீங்கன்னா, பாத்தீங்கன்னா, அங்க வந்து ஒரு பிள்ளையார் கோயில் இருக்கும், சரிங்களா, அந்தப் பிள்ளையார் கோயில்ல பாத்தீங்கன்னா, இந்த, இடது கைப்பக்கம் வந்து, என்ன சொல்றேன்னா, அப்படியே திரும்பிடுங்க.” இவ்வளவும் கூறியதன் பொருள் யாது? ‘நேரே சென்று பிள்ளையார் கோயிலருகே இடப்புறம் திரும்புங்கள்’ என்பதே. எஞ்சியவை அனைத்தும் பதர். நெல் அளக்கும்போது இத்துணைப் பதர் கலந்து ஒருவன் அளந்தால் அவனை விடுவோமா? சொல்லில் மட்டும் அளப்போரும் கேட்போரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

இச்சொற்களுள் தலைமை பெற்றது ‘வந்து’ என்பது. வருதல் என்னும் தொழிலோடு யாதொரு தொடர்பும் இன்றி இது எவ்விடத்தும் வந்து நிற்கும். “நான் வந்து நேத்து ஊர்ல இல்லை” என்பார் ஒருவர். வந்தவர் எங்ஙனம் இல்லாதவர் ஆவார்? “அவர் வந்து இன்னும் வரலை” என்பார் மற்றொருவர். இதனால் விளையும் இடர் பற்றி ஒரு வேடிக்கைக் கதை வழங்குவதுண்டு. வெளியூரிலிருந்து அத்தை ஒருத்தி தொலைபேசியிற் கூப்பிட்டு, “தாத்தா எங்கேடா?” என்று வினவினாளாம். பையன், “தாத்தா வந்து… போயிட்டாரு அத்தை” என்றானாம். கோயிலுக்குப் போயினார் என்பது அவன் கருத்து. அத்தை அவ்விடத்திலேயே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாளாம்! உண்மையில் நிகழ்ந்ததோ, கட்டிக் கூறியதோ, கதை கூறும் நீதி மெய்யானது. பொருளற்றது என்று நாம் எண்ணும் சொல்லும், இடம் தவறி நின்றால் பிறிதொரு பொருளைத் தந்துவிடும்.

இலக்கணம் கூறுவது

இங்குப் புலவர்கள் சிலர், ‘அசைச்சொல் நம் இலக்கணத்திலேயே உண்டன்றோ? அதனைப் பழித்தல் எங்ஙனம்?’ என்று வினவலாம். நல்ல வினா. தொல்காப்பியனார் இடைச்சொற்களை எழுவகையாகப் பகுத்து, அவற்றுள் அசைநிலை என்பதையும் இசைநிறை என்பதையும் தனித்தனியே வைத்தார். பொருளின்றிச் சொல்லோடு ஒட்டி நிற்பது அசைநிலை. செய்யுளின் ஓசையை நிறைத்தற்கு வருவது இசைநிறை. மா, அரோ, போலும், மாது முதலியன அவ்வாறு வழங்கியவை. கேட்பானை நோக்கி வரும் மியா, இக, மோ, மதி முதலியவற்றை முன்னிலை அசை என்றனர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. எச்சவியலில் தொல்காப்பியனார், கண்டீர், கொண்டீர், போயிற்று, கேட்டை, கண்டை முதலிய வினைச்சொற்களும் சிலவிடத்துத் தம் பொருள் இழந்து அசைநிலை ஆகும் என்று குறித்துள்ளார். ‘கண்டீரா’, ‘கேட்டாயா’ என்று பேச்சினிடையே கேட்போரைத் தொட்டுத் தொட்டுப் பேசும் வழக்கம் அக்காலத்தும் இருந்தது என்பது இதனால் விளங்கும். இன்று நாம் ‘பாத்தீங்களா’, ‘பாத்தீங்கன்னா’, ‘கேட்டுக்கிட்டீங்களா’ என்கிறோம். யாழ்ப்பாணத்தார் ‘பாருங்கோ’ என்பர். திருநெல்வேலிச் சீமையார் ‘பாத்துக்கிடுங்க’ என்பர். எல்லாம் அப்பழைய கண்டீரின் வழித்தோன்றல்களே! இவ்வாறே பவணந்தி முனிவர் நன்னூலில் அசைமொழிகளைத் தொகுக்கும்போது, இருந்து, இட்டு, நின்று என்பவற்றையும் அவற்றோடு எண்ணினார். அன்று ‘நின்று’ செய்த தொழிலை இன்று ‘வந்து’ செய்கின்றது. ஆதலின் இதனைப் புதிதாகத் தோன்றிய கேடு என்றும், இக்காலத்து இளைஞரே இதற்குக் காரணர் என்றும் கூறுவார் கூற்று இலக்கணம் அறியாதார் கூற்றேயாம்.

ஆயின் ஒன்று கருதுதல் வேண்டும். செய்யுளில் அசைச்சொல்லை வைத்தவன் அளவறிந்து வைத்தான். சீரும் தளையும் வேண்டியவிடத்து ஓர் அசையை அமைத்தான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து பூசும் கொத்தனைப் போன்றான். நாமோ கல்லே இல்லாமல் சாந்தினாலேயே சுவர் எழுப்புகின்றோம். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணிய அப்பவணந்தியாரே, மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் என்பவற்றை அவற்றுள் வைத்தார். அசைச்சொல்லுக்கு இடம் தந்த இலக்கணமே அதற்கு எல்லையும் வகுத்துள்ளது. திருவள்ளுவர் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, பயனற்ற சொல்லைப் பாராட்டுவோனை மக்களுள் பதராகக் கருதினார் என்பதையும் நாம் அறிவோம்.

இவை ஏன் தோன்றுகின்றன?

ஒரு வழக்கத்தை நீக்க விரும்புவோன், அது தோன்றும் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். இருவர் உரையாடும்போது ஒருவர் வினா முடிந்ததற்கும் மற்றவர் விடை தொடங்குவதற்கும் இடையே கழியும் காலத்தை ஆராய்ச்சியாளர் அளந்துள்ளனர். பல கண்டங்களைச் சார்ந்த பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்விடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு அளவே என்று கண்டனர். ஆனால் ஒரு படத்தைக் கண்டு அதன் பெயரைக் கூறுதற்கே மனத்திற்கு அரை நொடிக்கு மேல் வேண்டியிருக்கிறது. எண்ணம் வந்து சேர்வதற்கு முன்னரே வாய் திறக்க வேண்டிய நிலை. அவ்வெற்றிடத்தை நிரப்பவே ‘அது வந்து’, ‘இந்த’, ‘என்னது’ என்பன ஓடி வருகின்றன.

ஆங்கிலம் பேசுவோர் ‘அ’ என்றும் ‘அம்’ என்றும் இழுப்பதை ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்னும் இரு அறிஞர் ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்னதைக் கூறுவோர் சிறிது நேரமே தயங்குவர் என்றும், பின்னதைக் கூறுவோர் நெடுநேரம் தயங்குவர் என்றும், கேட்போர் இக்குறிப்பை உணர்ந்து காத்திருப்பர் என்றும் அவர்கள் கூறினர். எனவே, ‘சற்றுப் பொறுங்கள், யான் இன்னும் முடிக்கவில்லை’ என்று கேட்போர்க்கு அறிவிக்கும் சிறு கைகாட்டியாகவும் இவை உதவுகின்றன.

கேட்போர் பக்கத்தும் இதற்கு ஒரு பயன் உண்டு. பாட்டி கதை சொல்லும்போது குழந்தை ‘உம்’ கொட்டுதல் வேண்டும்; உம் கொட்டுதல் நின்றால் குழந்தை உறங்கிவிட்டது என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். வில்லுப்பாட்டில் உடனிருப்போர் ‘ஆமாம்’ போடாவிடின் கதை நடவாது. இவை பொருளற்ற ஒலிகளேயெனினும், ‘யான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்னும் அன்பின் அடையாளங்கள். கொங்கு நாட்டார் ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் ‘ங்க’ என்று சேர்ப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. அதனை நீக்கின் சொல் சுருங்கும். ஆனால் பணிவும் உடன் போய்விடும். இவற்றை ஒழிக்குமாறு யான் கூறவில்லை. தயக்கத்தால் வருவது, அன்பால் வருவது, பழக்கத்தால் வருவது என மூன்றாகப் பகுத்துக்கொண்டால், முதலதைப் பொறுக்கலாம்; இரண்டாவதைப் போற்றலாம்; மூன்றாவதையே களைதல் வேண்டும்.

இளையோரும் முதியோரும்

பழக்கத்தால் வருவனவற்றுள் இக்காலத்து இளைஞர் வாயில் மிகுதியாக வழங்குவன ஆங்கிலச் சொற்கள். ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலா’, ‘ஸோ’, ‘லைக்’ என்பன இல்லாமல் ஒரு வாக்கியமும் நடப்பதில்லை. “ஆக்சுவலா என் பேரு முருகன்” என்று ஒரு மாணவன் கூறினால், இதற்கு முன் வேறு பெயர் வழங்கி வந்ததோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. வேலைக்கு ஆள் தேர்வோர் முன்னிலையில் நம் பிள்ளைகள் இவ்வாறு பேசும்போது, அறிந்ததையும் அறியாதார் போலக் காட்சியளிக்கின்றனர் என்பதே என் கவலை.

ஆனால் இளைஞரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. மேடைப் பேச்சில் முதியோராகிய நாம் வளர்த்து வைத்துள்ள அசைச்சொற்கள் இவற்றினும் நீளமானவை. “என்பதை இந்த நேரத்திலே இந்த அவையிலே உங்கள் முன்னிலையிலே தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்” என்பது ஒன்று. “நேரத்தின் அருமை கருதி” என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவது மற்றொன்று. “இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்” என்று கூறியபின், “ஒன்றை மட்டும் சொல்லி” என்று தொடங்கி ஒன்பதைச் சொல்வது பிறிதொன்று. பழைய கதை சொல்வோர் ‘அதாகப்பட்டது’ என்று தொடங்கியதில் ஒரு நயமேனும் இருந்தது. நம் மேடைத் தொடர்களில் அதுவும் இல்லை. பேரன் ‘ஆக்சுவலா’ என்பதைக் கண்டிக்கும் தாத்தா, தம் ‘கடமைப்பட்டிருக்கிறேன்’ என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

நாவில் ஊறிய அமங்கலம்

இதுகாறும் கூறியவை நேரத்தைப் போக்குவன, கேட்போரைச் சலிப்பூட்டுவன. இனிக் கூறப்புகுவன இவற்றினும் தீயன.

மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுதல் நம் முன்னோர் கண்ட மரபு. இலக்கணத்தார் அதனைத் தகுதி வழக்கில் வைத்தனர். இன்றும் நம் வீடுகளில் விளக்கை ‘அணை’ என்று கூற நம் தாய்மார் மனம் ஒருப்படுவதில்லை. ‘விளக்கை அமர்த்து’ என்பர். தாலிக்கயிறு இற்றால் ‘தாலி பெருகிற்று’ என்பர். புறப்படுவோர் ‘போகிறேன்’ என்னார். ‘போய் வருகிறேன்’ என்பர். இத்துணை நுட்பமாகச் சொல்லைப் பேணிய குடும்பங்களில், அதே நாவில், ‘இழவு’ என்னும் சொல் நாளொன்றுக்கு எத்தனை முறை வழங்குகின்றது என்று எண்ணிப் பாருங்கள்! “என்ன எழவோ தெரியலை”, “அந்த எழவை இங்கே கொண்டா”, “எழவெடுத்த மழை” என்று, நல்ல நாளிலும் பெரிய நாளிலும், மணவீட்டிலும் அடுக்களையிலும், சாவைக் குறிக்கும் சொல்லை இடைச்சொல்லாக இட்டு நிரப்புகின்றோம். ‘கருமம்’ என்பது செயல் எனப் பொருள்படும் நல்ல சொல். அதனையும் “என்ன கருமமோ” என்று முகஞ்சுளித்துக் கூறும் சொல்லாக்கிவிட்டோம்.

இவற்றினும் வருந்தத்தக்கது பிள்ளைகளை விளிக்கும் வழக்கம். “சனியனே, இங்கே வா”, “நாசமாப் போறவனே, சாப்பிடு” என்று கூறும் தாய் உண்மையில் தன் மகன் நாசமாகப் போக வேண்டும் என்று கருதுவாளா? ஒருகாலும் கருதாள். வாயில் ஊறிய பழக்கத்தால் கூறுகின்றாள். கூறிய கையோடு சோறூட்டுகின்றாள். ஆனால் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது; இது பொருளற்ற அசைச்சொல் என்று பிரித்தறிய அதனால் இயலாது. பள்ளியிலே நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் எனக்கு, எப்பிள்ளை வீட்டில் எச்சொல்லால் அழைக்கப்படுகிறது என்பதைக் கண்டுகொள்வது அரிதன்று. ஏனெனில் பக்கத்திலிருக்கும் பிள்ளையை அது அச்சொல்லாலேயே அழைக்கின்றது. கரும்பலகைக்கு அழைத்தால், ‘எனக்கு வராது சார்’ என்று முயலாமலே கூறும் பிள்ளை, அவ்வாக்கியத்தை எங்கிருந்து கற்றது? ‘உனக்கு ஒன்றும் வராது’ என்று பெரியோர் வாய் தவறிப் பலகாற் கூறியதிலிருந்தன்றோ?

இன்னுமொன்றைக் கூறாமல் விட்டால் யான் இம்மேடைக்கு உண்மையுடையவன் ஆகேன். பிற குலத்தாரின் பெயர்களை வசைமொழியாகவும், பழமொழியாகவும், விளையாட்டாகவும் பேச்சினிடையே கலக்கும் வழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. அழுக்காக இருப்பவனை ஒரு குலத்தின் பெயராலும், கடுமையாகப் பேசுபவனை மற்றொரு குலத்தின் பெயராலும் சுட்டுவர். கேட்டால், “சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்பர். இன்று பட்டியல் சாதியார், பழங்குடியார் ஆகியோரைப் பொது இடத்தில் சாதிப்பெயர் கூறி இழிவுபடுத்துவது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதனை விடுதல் வேண்டும் என்று யான் கூறேன். நம் பெயரைப் பிறர் மதித்தல் வேண்டும் என்று கருதியே நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டனர். தம் பெயர்க்கு மதிப்பு வேண்டுவோர் பிறர் பெயரை இழிசொல்லாக வழங்குதல் எவ்வாறு தகும்? இவ்வகைச் சொற்கள் நம் வீடுகளில் இனி ஒலியாதிருக்குமாயின், நம் சங்கம் நிறைவேற்றும் தீர்மானங்கள் பலவற்றினும் அது பெரிதாகும்.

வெறுஞ்சொல் போன்ற கனத்த சொல்

பொருளற்றது போல் ஒலித்து, உள்ளே பெரும்பொருள் பொதிந்து நிற்கும் தொடர்களும் சில உள. “உண்மையைச் சொல்லப்போனால்” என்று ஒருவர் தொடங்கினால், அதுவரை கூறியன எவ்வகையின என்று கேட்கத் தோன்றுகிறது. “தப்பா நினைக்காதீங்க” என்று தொடங்கினால், தப்பாக நினைக்கத்தக்க ஒன்று வருகின்றது என்று அறியலாம். இவை சிறியன. நம் குடும்பங்களை வருத்தும் பெரிய தொடர் ஒன்று உண்டு. அது ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்பது.

பெண் பார்க்க வந்த இடத்தில் நிகழும் உரையாடலை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். பெண்ணின் தந்தை கைகூப்பி, “சம்பந்தி, உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொன்னா…” என்பார். மாப்பிள்ளையின் தந்தை சிரித்துக்கொண்டு, “சேச்சே! எங்களுக்கு வந்து நகை கிகைன்னு ஒண்ணும் வேண்டாமுங்க. கடவுள் புண்ணியத்துல எல்லாம் இருக்கு. ஏதோ, உங்க பொண்ணுக்கு நீங்க பார்த்துச் செய்யுங்க” என்பார். அனைவரும் சிரிப்பர், காப்பி வரும், தாம்பூலம் மாறும். அன்றிரவு பெண்ணின் தந்தை உறங்கார். ‘ஏதோ’ என்றது எத்தனை சவரன்? ‘பார்த்து’ என்றது யாரைப் பார்த்து? மூத்த மருமகளுக்கு அவர்கள் வீட்டார் செய்ததைப் பார்த்தா? தம் மைத்துனர் மகளுக்குச் செய்ததைப் பார்த்தா? தொகை கூறியிருந்தால் இயலும் என்றோ இயலாது என்றோ விடை கூறியிருப்பார். தொகை கூறாமையால் விடை கூற வழியில்லை. ஆகவே அச்சத்தையே அளவுகோலாகக் கொண்டு நிலத்தை அடகு வைக்கிறார். ‘ஒன்றும் வேண்டாம்’ என்ற சொல்லினால் ஒரு குடும்பம் கடனாளி ஆகின்றது. திருமணத்திற்குப் பின்னர், “நாங்க ஒண்ணும் கேட்கவே இல்லையே” என்று மாப்பிள்ளை வீட்டாரும் கூறுவர்; அது சொல்லளவில் உண்மையே. பெண் மட்டும் புகுந்த வீட்டில் அவ்விரு சொற்களின் பொருளையும் நாடோறும் அறிந்துகொள்வாள்.

வரதட்சிணை வாங்குதலும் கொடுத்தலும் கேட்டலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. சட்டம் கேட்டலைத் தடுத்தது. நாம் கேளாமற் கேட்கும் மொழியைக் கண்டுகொண்டோம். ஆதலின் இச்சங்கத்தாரை யான் ஒன்று வேண்டுகிறேன். நம்முள் திருமணம் பேசும்போது, ‘பார்த்துச் செய்யுங்கள்’, ‘ஏதோ’, ‘உங்கள் விருப்பம்’ என்னும் தொடர்களை வழங்குவதில்லை என்று உறுதி கொள்வோம். ஒன்றும் வேண்டாதவர், ‘ஒன்றும் வேண்டாம், ஒன்றும் செய்யாமல் வந்தாலும் உங்கள் மகளை எங்கள் மகளாகவே கொள்வோம்’ என்று முழு வாக்கியமாகப் பெரியோர் முன்னிலையிற் கூறட்டும். இரு குடும்பத்தார் முன்னிலையில் அச்சொல்லை நிச்சய ஓலையில் எழுதியும் வைக்கட்டும். தெளிந்த சொல் பெண்ணைப் பெற்றவர்க்கு உறக்கத்தைத் தரும்.

நீக்கும் வழி

இப்பழக்கங்களை நீக்குதற்கு வழிகள் அரியன அல்ல. முதலாவது, நம் பேச்சை நாமே கேட்டல். முற்காலத்தில் இதற்கு வழியில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியில் ஐந்து நிமிடம் பேசிப் பதிந்து, பின்னர் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். எவ்வெற்றுச் சொல் எத்தனை முறை வருகின்றது என்று ஒரு தாளில் கோடிட்டு எண்ணுங்கள். கண்டிப்பார் எவரும் வேண்டா, அத்தாளே ஆசிரியர். எல்லாச் சொற்களையும் ஒருங்கே விட முயல வேண்டா. ஒரு மாதத்திற்கு ஒரு சொல் என்று கொண்டால் போதும்.

இரண்டாவது, மௌனத்திற்கு அஞ்சாமை. சொல் வாராதபோது ‘வந்து’ என்று இழுப்பதற்குப் பதிலாக வாளா இருங்கள். பேசுவோனுக்கு அவ்விடைவெளி ஒரு யுகமாகத் தோன்றும். கேட்போர்க்கு அது மூச்சு விடும் நேரமே. எழுத்தில் முற்றுப்புள்ளி இடுகின்றோம் அன்றோ? பேச்சின் முற்றுப்புள்ளி மௌனம்.

மூன்றாவது, வாய்விட்டுப் படித்தல். பிள்ளைகள் நாடோறும் பத்து நிமிடம் நல்ல தமிழ் உரைநடையை உரக்கப் படித்தல் வேண்டும். வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்னும் உணர்வு நாவிற் படிந்துவிடின், இடையே பதர் புக இடமிராது. வீட்டில் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு விளையாட்டாகவும் இதனைச் செய்யலாம். ‘இழவு’ என்றோ ‘சனியன்’ என்றோ கூறுவோர் உண்டியலில் ஒரு ரூபாய் இடுதல் வேண்டும் என்று விதி செய்யுங்கள். அவ்விதி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொருந்துவதாகுக! ஆண்டு முடிவில் அவ்வுண்டியலை நம் சங்கத்தின் ஏழை மாணவர் நிதிக்குத் தந்தால் நாவும் தூயதாகும், நிதியும் வளரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடமை. இச்சொற்பொழிவைக் கேட்டுவிட்டுச் சென்று, நாளை முதல் பிறர் பேச்சிற் குற்றம் எண்ணத் தொடங்காதீர்கள். பேசுகின்றவனை இடைமறித்து, ‘எத்தனை வந்து!’ என்று நகைப்பது, அவன் கூறிய ‘வந்து’ எல்லாவற்றினும் தீய பழக்கம். சிறப்பாகத் திக்கிப் பேசும் பிள்ளைகளிடத்து இது ஆகாது. திக்குதல் பழக்கக் குற்றமன்று. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே பல பிள்ளைகளுக்கு அது தோன்றுகிறது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு நாளடைவில் தானே நீங்கிவிடுகிறது. நீங்காதவர்க்கு அதற்கெனப் பயிற்சி தரும் பேச்சு மருத்துவர் உளர். நம் செயல், அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அது சொல்லி முடிக்கும் வரை பொறுமையோடு கேட்டல். அது கூற வந்த சொல்லை நாம் முந்திக்கொண்டு கூறுதலும் ஆகாது.

நம் கூட்டங்களிலும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தாய்மார்களில் ஒருவர் முதன்முறையாக ஒலிபெருக்கியின் முன் எழுந்து, ‘வந்து… அதாவது…’ என்று தயங்கும்போது, ஆடவர் வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுவதை யான் பல ஊர்க் கூட்டங்களில் கேட்டதுண்டு. அவ்வம்மையார் மறுமுறை எழுவதில்லை. அவர் கூற வந்தது நம் பெண்மக்களின் படிப்பைப் பற்றிய ஒரு நல்ல யோசனையாக இருந்திருக்கலாம். அச்சிரிப்பினால் சங்கம் அதனை இழந்தது. தயக்கத்தோடு வரும் நல்ல கருத்து, தடையின்றி வரும் வெற்றுரையினும் உயர்ந்தது. பதர் கலந்திருக்கின்றது என்று நெல்லையே கொட்டிவிடுவார் இல்லை. முறத்திலிட்டுப் புடைத்து நெல்லைக் கொள்வோம். கேட்போன் கையில் உள்ள முறம் பொறுமை.

ஆகவே, அன்பர்களே! நம் பேச்சில் நாம் கடுமையாக இருப்போம். பிறர் பேச்சில் பொறுமையாக இருப்போம். வெற்றுச் சொல்லைக் குறைப்போம், தீச்சொல்லை விலக்குவோம், மறைக்கும் சொல்லை முற்றும் ஒழிப்போம். பிள்ளைகளை அவர்க்கு இட்ட நற்பெயராலேயே அழைப்போம். இவ்வளவு செய்தால் நம் வீடும் சங்கமும் ஒருசேர உயரும்.

மேடைப் பேச்சின் நீளம் பற்றி முன்னர்க் கூறியிருக்கின்றேன், ஆதலின் நிறுத்துகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!